இணையத்தில் நம் கடை: பெயரும் சாவியும்

வாணிகத்திற்கு முதல் எது? பணமே முதல் என்பர் சிலர். இடமே முதல் என்பர் வேறு சிலர். இரண்டும் வேண்டுவனவே. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் கடைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சரக்கு மாறியிருக்கும், இடமும் மாறியிருக்கும், கல்லாவில் அமர்ந்தவரும் மாறியிருப்பர். பெயர் ஒன்றே மாறாது நிற்கும். அப்பெயரை நம்பியே, பாட்டி வாங்கிய கடையில் பேத்தியும் வாங்குகிறாள்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் திருவனந்தபுரத்தில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெரு இருக்கிறது. பாத்திரமும் பலசரக்கும் துணியும் காய்கறியுமாக அத்தெரு வளர்ந்த வளர்ச்சியில் தமிழ்க் குடும்பங்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தோவாளை மலரும், எல்லைக்கு அப்பால் விளைந்த காய்கறியும் நாள்தோறும் இந்நகருக்கு வந்து சேர்கின்றன. அத்தெருவின் மனிதர்களைத் தமிழ்ச் சிறுகதையில் நிலைபெறச் செய்த ஆ. மாதவன், தாமே அங்குக் கடை நடத்தியவர். 2015-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்ற அவர், 2021-இல் மறைந்தார். வாங்க வருவோரின் முகம் பார்த்து, பேச்சுக் கேட்டு, மனம் அறிந்து விற்பதே அத்தெருவின் வாணிகம்.

அதே நகரில், கழக்கூட்டத்தில், 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் இருக்கிறது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்னும் பெருமை அதற்கு உண்டு. சாலைத் தெருவுக்கும் அதற்கும் இடையே இருபது கிலோமீட்டர் கூட இல்லை. தந்தை கடையிலும், மகனோ மகளோ டெக்னோபார்க்கிலும் பணிபுரியும் குடும்பங்கள் இந்நகரில் உண்டு. அத்தகைய வீடுகளில் இரவு உணவின்போது எழும் பேச்சு, “நம் கடைக்கும் ஒரு வெப்சைட் வைத்தால் என்ன?” என்பதாகும்.

வைக்கலாம். வைப்பது நன்று. ஆனால் எவ்வாறு வைப்பது என்பதில் நம்மவர் பலர் போதிய கருத்துச் செலுத்துவதில்லை. தளம் அழகாக இருக்கிறதா, படம் அசைகிறதா என்று பார்க்கிறோம். தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க மறக்கிறோம். கடைக்குப் பலகை எழுதுபவரிடம் கடைப் பத்திரத்தையும் கொடுத்துவிட்டு வருவாருண்டோ? இணையத்தில் அதனை நாள்தோறும் செய்து வருகிறார்கள். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: தளத்தைப் பிறர் கட்டலாம், பெயரும் சாவியும் நம் கையில் இருத்தல் வேண்டும்.

தளம் என்பது யாது?

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆகிய முகவரி ஒன்று உண்டு. எண்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆதலின், எண்ணுக்குப் பதிலாகப் பெயரைச் சொன்னால் உரிய கணினியைக் கண்டறியும் முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். அப்பெயரையே கணினித் துறையார் டொமைன் என வழங்குவர். நாம் தளப்பெயர் என்போம். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1991-இல் உலகின் முதல் இணையதளத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, இம்முறையைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று.

ஒரு தளத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, தளப்பெயர். இதனை விலைக்கு வாங்குவதாகச் சொல்லுகிறோமேனும், உண்மையில் இது குத்தகையே. தவணைதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, ஹோஸ்டிங் எனப்படும் தள இடம். நம் பக்கங்களும் படங்களும் இரவும் பகலும் இயங்கும் ஒரு கணினியில் தங்கியிருக்க வேண்டும் அன்றோ? அதற்கான வாடகை இது. மூன்றாவது, பக்கங்களின் வடிவமைப்பு. பெயரைப் பதிபவர் ஒருவர், இடம் தருபவர் ஒருவர், பக்கம் கட்டுபவர் ஒருவர் என மூவராகவும் இருக்கலாம். மூன்றையும் ஒருவரே செய்து தருவதும் உண்டு. ஒருவரே செய்யும்போது வசதி மிகுதி. அப்பொழுதே இடரும் மிகுதி.

பிறர் திண்ணையும் சொந்தக் கடையும்

“பேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புகிறோம், அது போதாதா?” என்று கேட்பாரும் உளர். தொடக்கத்திற்கு அது போதும். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவதற்குக் கட்டணமும் இல்லை. எந்தக் கடையும் முதற்கண் செய்ய வேண்டுவது அதுவே. ஆனால் இவையெல்லாம் பிறர் வீட்டுத் திண்ணையில் விரித்த கடைகள். வீட்டுக்காரர் கதவை அடைத்தால் நாம் எழுந்து செல்ல வேண்டியதே.

இஃது அச்சமூட்டும் கற்பனை என்று எண்ண வேண்டா. இந்திய இளைஞர் பெருந்திரளாகக் கூடியிருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. எண்ணற்ற தனிமனிதர் பக்கங்களுக்கு இடமளித்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை இந்திய அரசு தடை செய்தது. அதில் காணொளி காட்டி வாடிக்கையாளரைத் திரட்டியிருந்தோர், அவர்களை வேறிடத்தில் மீண்டும் தேட வேண்டியதாயிற்று. சொந்தப் பெயரில் தளம் உடையவருக்கு இந்நிலை நேர்வதில்லை. இடம் தரும் நிறுவனம் மூடப்பட்டாலும், நகல் கையில் இருந்தால், அதே பெயரை வேறோர் இடத்திற்குத் திருப்பிவிடலாம். பெயர் நம்முடையதாக இருக்கும்வரை வாடிக்கையாளர் வழி தவறமாட்டார்.

பெயர் யார் பெயரில்?

கரமனையில் ஒரு குடும்பம் முறுக்கும் அப்பளமும் வற்றலும் செய்து விற்பதாக வைத்துக்கொள்வோம். தெரிந்த இளைஞர் ஒருவர் தளம் கட்டித் தருகிறார். தம் மின்னஞ்சலைக் கொடுத்து, தம் பெயரிலேயே தளப்பெயரைப் பதிகிறார். தீய எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கு அஃது எளிதாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழிகின்றன. பொட்டலத்தின் மேலும் பையின் மேலும் தளப்பெயர் அச்சாகி, வெளியூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கேட்டெழுதுவோர் பெருகுகின்றனர். இளைஞரோ வேறு நாட்டிற்கு வேலைக்குப் போய்விட்டார். பழைய மின்னஞ்சலை அவர் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும் நாள் வந்து, சென்றும் விடுகிறது. ஒரு காலையில் தளம் திறக்கவில்லை. குடும்பத்தார் பதிவு நிறுவனத்திடம் முறையிட்டால், “பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையே” என்பதே விடை. மூன்றாண்டு உழைப்பில் ஈட்டிய நற்பெயர், யாரும் திருடாமலே கைவிட்டுப் போகிறது.

மறதி எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனமே தன் தளப்பெயர் ஒன்றைப் புதுப்பிக்க மறந்தது. அதனை நம்பியிருந்த ஹாட்மெயில் அஞ்சல் சேவை பலருக்குத் தடைப்பட்டது. மைக்கேல் சேனி என்னும் நிரலாளர் கிறிஸ்துமஸ் காலத்தில் தம் கைப்பணம் 35 டாலரைச் செலுத்தி அதனை மீளச் செய்தார். அத்தகைய நல்லவர் நம் கடைக்கும் வாய்ப்பார் என்று எதிர்பார்த்தல் ஆகாது.

ஆகவே பதிவு செய்யும் நாளிலேயே சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பதிவாளர் என்னும் இடத்தில் கடை உரிமையாளரின் பெயர் இருத்தல் வேண்டும். கொடுக்கும் மின்னஞ்சல், குடும்பத்தார் நாள்தோறும் திறக்கும் மின்னஞ்சலாக இருத்தல் வேண்டும். ‘.காம்’ போன்ற பெயர்களுக்குத் தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது விதி; ஆனால் நினைவூட்டும் கடிதம் பதிவிலுள்ள முகவரிக்கே செல்லும். தவணை தவறிப் பெயர் நீக்கப்பட்டாலும், மீட்பதற்கு 30 நாள் வாய்ப்பு உண்டு; அப்பொழுது கட்டணம் பல மடங்காகும். ஒரே முறையில் 10 ஆண்டு வரை பதியவும் இடமுண்டு. இன்னும் ஒன்று: புதுப்பிக்குமாறு கேட்டு வரும் கடிதங்களுள் போலியும் உண்டு. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், பதிவு நிறுவனத்தின் தளத்திற்கு நாமே சென்று நாளைச் சரிபார்த்தல் நலம்.

தளப்பெயர் வெறும் முகவரி மட்டுமன்று. அது வாணிகப் பெயராகவும் விளங்குகிறது என்பதை நம் நாட்டு உச்ச நீதிமன்றமே ஏற்றுள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே நிறுவனம், ‘சிஃபி’ என்னும் சொல்லைப் புனைந்து அதனைக் கொண்டு தளப்பெயர்களைப் பதிந்திருந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் அதனோடு ஒலியொத்த ‘சிஃபிநெட்’ என்னும் பெயரில் இயங்கத் தொடங்கியது. வழக்கு பெங்களூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004 மே 6 அன்று வந்த தீர்ப்பு, வாணிகச் சின்னத்திற்கு உள்ள பாதுகாப்பு தளப்பெயருக்கும் பொருந்தும் என்று கூறி, முன்னவர்க்குச் சார்பாக அமைந்தது. ‘.இன்’ என முடியும் பெயர்கள் பற்றிய பிணக்குகளைத் தீர்ப்பதற்குத் தனி நடுவர் முறையும் உண்டு. உரிமை நிலைநாட்ட வழி இருக்கிறது என்பது ஆறுதலே. ஆயினும் சிறு கடைக்காரர் வழக்குக்கு அலைவதினும், தொடக்கத்தில் ஒரு மணி நேரம் விழித்திருந்து பதிவைச் சரிபார்ப்பது எளிது அன்றோ?

பெயரைத் தேர்வதிலும் நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சாலை என்பதை நாம் ஒருவாறு சொல்லுகிறோம். மலையாளிகள் சால என்கின்றனர். ஆங்கில எழுத்தில் அதனை மூன்று நான்கு வகையாக எழுதலாம். ழகரம் வரும் பெயராயின் குழப்பம் இன்னும் மிகும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் பிழையின்றி எழுதக்கூடிய பெயரே நல்ல பெயர். இயலுமாயின் பிறர் எழுதக்கூடிய மற்றொரு வடிவத்தையும் சேர்த்துப் பதிந்து, இரண்டும் ஒரே தளத்தைத் திறக்குமாறு செய்யலாம். தமிழ் எழுத்திலேயே பெயரமைத்து ‘.இந்தியா’ என முடிக்கும் வசதியும் இன்று இருக்கிறது. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்பனவும் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

எழுத்தும் மொழியும்

இணையத்தில் தமிழ் ஏறியதில் குடிபெயர்ந்த தமிழர்க்குப் பெரும் பங்கு உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தளம் தொடங்கியபோது, அதில் தமிழ்ப் பக்கம் இடம்பெற உழைத்தவர் அந்நாட்டு எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அந்நாளில் ஒவ்வொரு தளத்திற்கும் ஒவ்வோர் எழுத்துரு வேண்டியிருந்தது. உரிய எழுத்துரு இல்லாதவர்க்குத் தமிழ் வெறும் குறிகளாகத் தோன்றியது. உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவிய பின்னரே அவ்விடர் நீங்கியது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் யூனிகோடு முறையை ஏற்றது. ஆகவே தளம் கட்டுபவரிடம் நாம் சொல்ல வேண்டுவது: எழுத்து யூனிகோடில் இருக்கட்டும், எழுத்தைப் படமாக்கி ஒட்ட வேண்டா. படமாக ஒட்டிய எழுத்தைத் தேடுபொறி எளிதில் அறியாது. பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவியும் அதனைப் படிக்காது.

எம்மொழியில் எழுதுவது? நம் கடைக்கு வருவோர் மலையாளிகளும் தமிழருமாக இருப்பர். வெளிநாட்டிலிருந்து கேட்போர் ஆங்கிலமும் எதிர்பார்ப்பர். மூன்று மொழியும் வேண்டும் என்றால் வேலை பெருகுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. சிறு கடைக்கு ஐந்து பக்கம் போதும்: நாங்கள் யார், விற்பன எவை, விலை என்ன, எவ்வாறு வாங்குவது, எங்கே இருக்கிறோம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் வற்றலும் வடகமும் என்னவாகுமோ, சொல்ல இயலாது. நம் வீடுகளிலோ இதற்கு வேண்டிய செல்வம் இருக்கிறது. பாட்டிக்குப் பண்டத்தின் பெயரும் பக்குவமும் தமிழில் தெரியும். பள்ளியில் மலையாளம் படிக்கும் பேத்திக்கு அதனை மலையாளத்தில் எழுதத் தெரியும். இருவரும் ஒரு மாலைப் பொழுது அருகருகே அமர்ந்தால் தளத்திற்கு வேண்டிய சொற்கள் கிடைக்கும். தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைக்குப் பத்துத் தமிழ்ச் சொற்களும் கிடைக்கும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

“தெரிந்த பையன்தானே” என்று வாய்ச்சொல்லோடு விடுதல் இருவர்க்கும் தீங்கு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளம் பெறும் ஊழியராக அன்றித் தனியாக வேலை ஏற்றுச் செய்பவர் ஆக்கிய படைப்பின் உரிமை, பொதுவாக அவருக்கே உரியது. பணம் கொடுத்தமையால் மட்டும் வடிவமைப்பு முழுதும் நமதாகிவிடாது. அவர் கையொப்பமிட்ட எழுத்து மூலம் உரிமை மாற்றப்பட வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்காவிடின் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்காவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே காலமும் பரப்பும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

ஒரு தாளில் அடங்கும் ஒப்பந்தமே போதும். எத்தனை பக்கம், எத்தனை மொழி, எந்த நாளுக்குள், எத்தனை முறை திருத்தம், பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு என்பன அதில் இருத்தல் வேண்டும். தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, தொடக்கத்தில் ஒன்று, மாதிரி காட்டியபின் ஒன்று, எல்லாக் கடவுச்சொற்களும் தளத்தின் முழு நகலும் கைக்கு வந்தபின் ஒன்று எனக் கொடுப்பது நல்ல முறை. கைபேசியில் விரைந்து திறக்கிறதா என்பதையும் பார்த்தே இறுதித் தவணையைத் தருக. நம் வாடிக்கையாளருள் பெரும்பாலோர் கைபேசியிலேயே பார்ப்பர். முகவரிக்கு அருகே பூட்டுக்குறி பெறுவதற்கான சான்றிதழ் இன்று இலவசமாகவும் கிடைக்கிறது. அஃது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று குரோம் உலாவி 2018 ஜூலை முதல் சுட்டிக்காட்டுகிறது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கேட்ட படங்களையும் விலைப்பட்டியலையும் உரிய நாளில் கொடாமல், தளம் தாமதமாயிற்று என்று குறை கூறுதல் முறையன்று. ஒப்புக்கொண்ட திருத்தங்களுக்கு மேல் மாற்றம் கேட்டால் அதற்கு ஊதியம் தருதல் வேண்டும். இத்தொழில் செய்யும் இளைஞர் பலர் நம்மைப் போலவே பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள். உழைப்புக்குக் கூலி தாமதமின்றிக் கொடுப்பது வாணிகர்க்கு அழகு.

வாங்குவோர்க்கு நாம் கடமைப்பட்டவை

தளத்தின் வழியே பொருள் விற்போர்க்குச் சட்டம் சில கடமைகளை விதித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்புக்கான விவரம், குறை கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் காணப்பட வேண்டும். வந்த முறையீட்டைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு திங்களுக்குள் தீர்த்துவைக்க வேண்டும். உணவுப் பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணையும் காட்டுதல் வேண்டும். வீட்டில் செய்யும் பலகாரம்தானே என்று இதனைப் புறக்கணித்தல் ஆகாது.

பணம் பெறுவதில் ஓர் எச்சரிக்கை. 2016-இல் வந்த யுபிஐ முறை சிறு வாணிகர்க்குப் பேருதவி செய்திருக்கிறது. ஆனால் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, “பணம் உங்களுக்கு வருவதற்குப் பின் எண்ணை அழுத்துங்கள்” என்று கேட்கும் வஞ்சகரும் தோன்றியுள்ளனர். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டியதில்லை. செலுத்துவதற்கே அது வேண்டும். கடையில் இருக்கும் மூத்தோர்க்கும் ஏவல் செய்யும் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைத்தல் நன்று.

ஐந்து வினாக்கள்

தளம் வைக்க எண்ணுவோர்க்கு மேலே கூறியன போதும். முன்பே தளம் வைத்திருக்கும் அன்பர்கள், இவ்விதழை மூடிவைப்பதற்கு முன் ஒரு தாள் எடுத்து ஐந்து வினாக்களுக்கு விடை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம். தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? நினைவூட்டும் கடிதம் யாருடைய மின்னஞ்சலுக்கு வரும்? தவணை முடியும் நாள் எது? தளத்தின் நகல் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? கட்டியவர் நாளையே ஊரில் இல்லாவிடின், விலையை மாற்றத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் யார்?

விடை தெரியாத வினாவைக் குறித்துக்கொண்டு, கட்டியவரை இந்த வாரமே அழைத்துக் கேட்டு, பெயரை மாற்றி எழுதச் செய்க. நல்ல உறவு இருக்கும்போது இது பத்து நிமிட வேலை. விடைகள் எழுதிய தாளைக் கடைப் பத்திரமும் வரி ரசீதும் இருக்கும் பெட்டியிலேயே வைத்து, வீட்டில் இன்னும் ஒருவருக்கேனும் சொல்லி வைத்தல் வேண்டும்.